நான்காவது பெட்டி

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். நீங்களும் அப்படியே என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் வழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. உங்கள் வேலையைப் பற்றி எனக்கொரு சந்தேகம் இருக்கிறது. போனில் கேட்டால் நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு அடுத்த கேள்வி மறந்துபோகிறது. காகிதத்தில் உங்களால் சிரிக்க முடியாதே, அதனால்தான் கடிதம்.

முதலில் வேறொரு கதை. நூலகத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைப் பொதுத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். அங்கே சமையலறைக் குப்பையை உரமாக்கக் கற்றுத்தருகிறார்கள். ஐந்து சனிக்கிழமைகளாகப் போகிறேன். நம் மகள், “கெமிஸ்ட்ரி படிச்சுட்டு குப்பை கிளறப் போறியாம்மா?” என்று கேட்டாள். கெமிஸ்ட்ரி படித்ததால்தான் போகிறேன் என்றேன்.

செய்துகாட்டுவதற்காக நான்கு மரப்பெட்டிகள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். முதலாவதில் இந்த வாரத்துக் குப்பை, இரண்டாவதில் ஒரு மாதத்தது, மூன்றாவதில் இரண்டு மாதத்தது. நான்காவதில் முழுசாக மக்கிய உரம், கறுப்பாக, மழை பெய்து ஓய்ந்த மண் வாசனையோடு. சொல்லித்தருகிறவளுக்கு முப்பது வயதிருக்கும். ‘உர டீச்சர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். பச்சைக் குப்பை ஒரு பங்கென்றால் காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ இரண்டு பங்கு. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவேண்டும், ஒழுகக் கூடாது. இரும்புக் கம்பியைக் குவியலில் செருகி வைத்து உருவித் தொட்டால் சுட வேண்டும். வகுப்பில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். “வீட்ல நானே மக்கிக்கிட்டுதான் இருக்கேன், தனியா பெட்டி வேற எதுக்கு?” என்று அவர் கேட்டதில் அன்று பாதி வகுப்பு சிரிப்பிலேயே போய்விட்டது.

என் குணம் உங்களுக்குத் தெரியும். கடிகாரத்தையே இன்னொரு கடிகாரத்தில் சரிபார்க்கிறவள் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். மூன்றாவது சனிக்கிழமை அந்த நான்காவது பெட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். முட்டை ஓடு லேசில் மக்காது. மற்ற மூன்று பெட்டியிலும் கிடக்கிறது. இதில் ஒரு துணுக்குகூட இல்லை. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன வெள்ளை மணிகள் இருந்தன, நகத்தால் அழுத்தினால் நொறுங்குகிற மணிகள். கடையில் வாங்கிய நம் பால்கனிச் செடியின் தொட்டியிலும் அதே மணிகள்தான். மூட்டையில் விற்கிற மண்ணில் கலப்பது அது. குப்பையிலிருந்து அது வர வழியே இல்லை.

அடுத்த இரண்டு வாரமும் நான் பாடத்தைக் கவனிக்கவில்லை, அவளையே கவனித்தேன். யாராவது நான்காவது பெட்டிப் பக்கம் போனால் அவள் குரல் ஒரு படி ஏறும். போன சனிக்கிழமை எல்லோரும் போகும்வரை காத்திருந்து, அந்த வெள்ளை மணிகளைக் கையில் வைத்து நீட்டினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமை எனக்கு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“நிஜமா செஞ்சது நாறிப்போச்சுக்கா” என்றாள். “வெட்டின புல்லைப் பச்சையாவே கொட்டிட்டேன். முதல் நாளே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டா, மறுபடி யாரு வருவா? அதான் நாலு மூட்டை வாங்கி ரொப்பிட்டேன்.” என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னதுதான் ஒரு வாரமாக என்னைத் தூங்க விடவில்லை. “உங்ககிட்டயா? எல்லாரும் வந்து பாக்குறாங்க, நீங்க மட்டும் திருத்த வந்த மாதிரி பாக்குறீங்க. உங்களைக் கண்டாலே பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கு. கெட்டுப்போனதை உங்ககிட்ட எப்படிக்கா காட்டுவேன்?”

கருவிகள் வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினாள். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். கண்ணில் நீர் வந்துவிட்டது. கொழகொழவென்று பச்சைக் களியாகக் கிடந்தது. இருவரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டு, காய்ந்த இலை கொட்டி, மதியம் வரை புரட்டினோம். ஐந்து வாரத்தில் கற்காததை அந்த மூன்று மணி நேரத்தில் கற்றேன். நேற்று போய்க் கம்பியைச் செருகிப் பார்த்தோம். லேசாகச் சூடு இருந்தது.

இனி உங்கள் விஷயம். போன வாரம் நீங்கள் அனுப்பிய படத்தில் கம்பெனிச் சட்டை போட்டு மெஷின் பக்கத்தில் நிற்கிறீர்கள். கையில் வாட்ச் இருக்கிறது. அது கீழே விழுந்து நொறுங்கிவிட்டது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படியென்றால் அது பழைய படம். மதிய இடைவேளையில் பேசினால் பின்னால் எப்போதும் மெஷின் இரைச்சல் கேட்கும், பாதி வார்த்தை புரியாது. இப்போதெல்லாம் தெளிவாகப் புரிகிறது. அறையில் ஃபேன் சுற்றுவதுகூடக் கேட்கிறது. நைட் ஷிஃப்ட் என்று நீங்கள் சொன்ன அன்று இரவு ஒன்பது மணிக்கு மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

இவ்வளவையும் நான் சேர்த்து வைத்திருந்தேன். நீங்கள் அடுத்த தடவை வரும்போது ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் முன்னால் வைக்கத்தான். நீங்கள் சொல்லக்கூடிய சமாதானங்களுக்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பெண் அப்படிச் சொன்ன பிறகு, இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் ஒரு கெட்ட செய்தியை எப்போதாவது முதலில் சொல்லியிருக்கிறீர்களா என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. எல்லாம் சரியான பிறகுதான் சொல்வீர்கள். அது உங்கள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். அதில் பாதி என் முகம்தான் போலிருக்கிறது.

மகளிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பா கணக்கு நன்றாகச் சொல்லித்தருகிறார் என்று சந்தோஷமாக இருக்கிறாள். அந்தச் சந்தோஷம் அப்படியே இருக்கட்டும்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள். அவள் டியூஷன் போயிருப்பாள். வாட்சைப் பற்றிக் கேட்க மாட்டேன், ஷிஃப்டைப் பற்றியும் கேட்க மாட்டேன். இங்கே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று தோன்றினால் வந்துவிடுங்கள். அதற்கும் காரணம் கேட்க மாட்டேன். சாப்பிட்டீர்களா என்றுதான் ஆரம்பிப்பேன். அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். மற்றதை மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி