பாதி வாக்கியம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

உன் மகள் பரிசு வாங்கிய வீடியோவைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாய். பார்த்தவர்கள் என்னிடம் வந்து, "எல்லாம் அத்தை வளர்ப்பு" என்கிறார்கள். அதைக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். நர்ஸ் வேலையில், ஆஸ்பத்திரி வார்டில் புழு வைத்த புண்ணைக் கழுவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டவள் நான். இப்போது என் வீட்டிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லூரியில் கடைசி வருஷத்துக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்றாள் பாப்பா. உயரமான கட்டடங்களில் வேலை செய்கிறவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பது தலைப்பு. நல்ல தலைப்புதான். கீழ்வீட்டுத் தையல்காரியிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவள் வீட்டுக்காரர் பெயிண்டர், போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து செத்தவர். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவள், "நம்ம பாப்பாதானே" என்று தையலை நிறுத்திவிட்டுப் பேசினாள். பாப்பா போனில் பதிவு செய்தாள். தையல்காரி சொன்னது இதுதான்: "அவரு கயிறு கட்டாமத்தான் ஏறுவாரு. கட்டறதுக்குக் கயிறு குடுத்தாத்தானே? கேட்டதுக்கு, பயமா இருந்தா வீட்டுக்குப் போன்னு மேஸ்திரி சொன்னாராம்."

அந்த ஆய்வுக்குத்தான் பரிசு. பரிசளிப்புக்குத் தையல்காரியையும் அழைத்திருந்தார்கள். இருக்கிறதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வீட்டுக்காரர் கதையை நாலு பெரிய மனுஷர்கள் கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. உன் மகள் மேடை ஏறி, விபத்துக்கு முதல் காரணம் தொழிலாளியின் அலட்சியம் என்றாள். இறந்தவரின் மனைவியே சொல்கிறார், இதோ ஆதாரம் என்று பதிவைப் போட்டாள். "அவரு கயிறு கட்டாமத்தான் ஏறுவாரு." அதோடு நிறுத்திவிட்டாள்.

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். தையல்காரி மிச்சமும் வரும் என்று ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "இன்னும் பேசினேனே அக்கா, ரிப்பேரா?" என்று கேட்டாள்.

கேடயம் கொடுத்தவர் யார் தெரியுமா? பெயிண்டரை வேலைக்கு வைத்திருந்த அதே காண்ட்ராக்டர். அவர்மேல்தான் தையல்காரி வழக்குப் போட்டிருக்கிறாள். அந்தப் பதிவை எனக்கும் அனுப்பும்மா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உன் மகளும் நின்ற இடத்திலேயே அனுப்பிவிட்டாள், வெட்டிய பாதியை. அவர் யாரென்று அப்போது தெரியாது என்கிறாள். இருக்கலாம். இப்போது தெரியுமே?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நம்ம முடிவுக்கு எது துணையோ அதைத்தான் ஆதாரமாப் போடணும் அத்தை, மத்தது ஆய்வுக்கு வெளியே" என்றாள். ஒப்பித்த பாடம் மாதிரி சொன்னாள். சரி, சொல்லிக்கொடுத்தவரையே பார்ப்போம் என்று அவளுடைய பேராசிரியரிடம் போனேன். ஆதாரம் சுருக்கமாக இருந்தால்தான் எடுபடும் என்றார். "நெஞ்சுவலி இல்லைன்னு சொல்ல முடியாது" என்று நோயாளி சொன்னால், "நெஞ்சுவலி இல்லை" என்று நான் சுருக்கி எழுதலாமா என்று கேட்டேன். டீ குடிக்கிறீர்களா என்றார். அந்த மேஜையில் டீ குடிக்கவும் எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

தையல்காரி இப்போது நம் வீட்டுக்கு வருவதில்லை. படியில் எதிர்ப்பட்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறாள். வழக்கு அடுத்த மாதம் வருகிறது. காண்ட்ராக்டரின் வக்கீல் அந்தப் பாதியைத்தான் காட்டப் போகிறாராம். நான் சாட்சி சொல்லப் போகிறேன், லீவும் கேட்டாயிற்று. ஆனால் மாடிவீட்டுக்காரி என் பேச்சு எங்கே, செத்தவர் பெண்டாட்டியின் சொந்தக் குரல் எங்கே? முழுப் பதிவு பாப்பாவின் போனில் இருக்கிறது. அதைக் கொடு என்றால், "பரிசும் போயிடும், மார்க்கும் போயிடும்" என்று அழுகிறாள். அழுகிற பிள்ளையைக் கட்டிக்கொள்ள என் கை போகவில்லை, தம்பி. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. எழுதவே கூசுகிறது.

என் பேச்சு அவளிடம் எடுபடவில்லை. நீ பேசு. திட்டாதே. அந்த நாட்டில் நீ ஏறுகிற சாரத்திலும் இடுப்பில் கட்டும் பெல்ட் எல்லாருக்கும் போதவில்லை, வாய் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று போன தடவை என்னிடம் சொன்னாயே. பிள்ளை பயந்துவிடும், சொல்லாதே அக்கா என்றாய். நானும் இதுவரை சொல்லவில்லை. இப்போது நீயே அவளிடம் சொல்லிவிடு. சொல்லிவிட்டு, அந்தப் பதிவை உனக்குப் போட்டுக் காட்டச் சொல். முழுசாக.

அவளுக்கு நல்ல புத்தி வரட்டும், படிப்பும் நிலைக்கட்டும். நீ ஒவ்வொரு நாளும் ஏறினபடியே இறங்கி வா, ராசா.

இப்படிக்கு,
உன் அக்கா