அவர் ஏன் கையைத் தூக்கினார்

அன்புள்ள மச்சானுக்கு,

பகல் பதினொன்று நாற்பதுக்கு எனக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் பகலில் நீங்கள், ராத்திரியில் நான் என்று முறை வைத்திருந்தோமே, அதனால் ஆலையில் பம்பு ரூமில் இருந்தேன். அந்த இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை, சட்டைப் பையில் அதிர்ந்துதான் தெரிந்தது. நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். “சரிங்க” என்றேன். கையில் பாதி திருகிய வால்வு இருந்தது. அதை முழுசாக மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். பொண்டாட்டி செத்துக் கிடக்கும்போது ஏன் ஓடி வரவில்லை என்று கேட்டீர்கள். இதுதான் பதில்.

இந்தக் கடிதத்தை அக்காவிடம், உங்கள் சம்சாரத்திடம்தான், கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் எங்கே பதுங்கியிருக்கிறீர்கள் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போலீஸ் நேற்றும் வந்தது. உங்கள் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே இருக்கிறார்கள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நீங்கள் ஓட்டிய பொக்லைனை முதலாளி ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். சீட்டுக்கடியில் கிடந்த உங்கள் செருப்பை மட்டும் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிடுகிறீர்கள். கேட்பது ஒன்றுதான். “நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மாப்பிள்ளை. ஒரே ஒரு மிஸ்டு கால் விடுங்க. அந்த டாக்டர் வீட்டுக்குப் போற வழியில நான் பாத்துக்கறேன்” என்கிறீர்கள். அவள் என் பொண்டாட்டி என்பதால் என் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன் என்கிறீர்கள். இத்தனை மரியாதை கொடுத்ததற்கு நன்றி. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவளை இடித்த பஸ்ஸின் டிரைவரை நீங்கள் அடித்தபோது நான் தடுக்கவில்லை. அவருக்கு ஒரு முகம் இருந்தது. அடித்தால் உதடு கிழிந்தது. நமக்கும் கொஞ்சம் ஆறியது. அவளும் பிழைத்துக்கொண்டாள். வயிற்றைத் திறந்து, கிழிந்ததைத் தைத்து மூடினார்கள். கண் விழித்ததும் என்னிடம் முதலில் சொன்னது உங்களைப் பற்றித்தான். “எங்க அண்ணனை உள்ள விட்டுடாதீங்க. இந்த மெஷின் பீப் பீப்னு கத்துது. யாரைப் பாத்துடா கத்துறேன்னு சட்டையைப் புடிச்சிடும்” என்றாள். தையல் இழுக்கும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். இதை உங்களிடம் சொல்ல நேரமே வரவில்லை.

அப்புறம்தான் அந்தக் குளிர்காய்ச்சல் வந்தது. கட்டில் தரையில் தடதடவென்று அடிக்கிற அளவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். நானும் இரண்டு நர்ஸும் சேர்ந்து அழுத்தியும் அடங்கவில்லை. பஸ் ஒரு தடவைதான் இடித்தது மச்சான். இது உள்ளே இருந்து விடாமல் இடித்தது. ரத்த அழுத்தம் விழுந்து, விரல் நுனிகள் நீலமாகி, கரியாகின. மோதிரத்தைக் கத்தரித்து எடுத்தார்கள். கிட்னி நின்றது. நீங்கள் அந்த விரலைப் பார்த்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டீர்கள். நான் மெஷினில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எண்களைப் பார்க்கத்தான் தெரியும்.

கண்ணாடி போட்ட அந்தச் சின்ன டாக்டர் என்னைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிப்போய் ஒரு தட்டைக் காட்டினார். அவள் ரத்தத்தில் இருந்த கிருமியை அதில் வளர்த்திருந்தார்கள். மேலே சின்னச் சின்ன வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் காலியாக ஒரு வட்டம் விழுமாம். ஒரு வட்டமும் இல்லை. வில்லைகளை முட்டிக்கொண்டு அடர்த்தியாக வளர்ந்து நின்றது. “கடைசியா ஒரு மருந்து இருக்கு சார். அதுவும் கிட்னியை அடிக்கும். கேக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது” என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்கு அது புதுசு இல்லை. ஆலையில் மெஷினைக் குளிர வைக்கிற தண்ணீர்க் குழாய்க்குள் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். ஒரே மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் அது பழகிவிடும். அதனால் மாற்றி மாற்றி ஊற்றுவோம். எதற்கும் அசையாவிட்டால் குழாயையே வெட்டி எறிவோம். தட்டைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. இவளை எங்கே வெட்டுவது?

யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நர்ஸ் கையாக இருக்கலாம், டாக்டர் கையாக இருக்கலாம். அவள் கழுத்துக் குழாய்க்குப் பக்கத்தில் முடியை ஒதுக்கிவிட்ட என் கையாகவும் இருக்கலாம். முன்னால் அந்தக் கட்டிலில் இருந்தவரிடமிருந்தும் வந்திருக்கலாம். அதற்கு முகம் இல்லை மச்சான். நீங்கள் ஒரு முகத்தைத் தேடினீர்கள். அந்த டாக்டரின் முகம் பக்கத்தில் இருந்தது.

அவள் போன அன்றைக்கு நடந்ததை நீங்கள் டாக்டரின் முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவை ஏற்கெனவே உடைத்திருந்தீர்கள், காலுக்கடியில் நொறுங்கியது. அடுத்த கட்டிலில் வாயில் குழாயோடு மயக்கத்தில் கிடந்தார் ஒரு தையல்காரர். அவர் கழுத்தில் குழாய் இறக்குவதற்காக அந்தச் சின்ன டாக்டர் சுத்தமான அங்கியும் கையுறையும் மாட்டி நின்றார். நீங்கள் பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினீர்கள். மூக்குக்கண்ணாடி பறந்தது. அவர் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினார். “பாத்தீங்களா மாப்பிள்ளை, கையைத் தூக்கிட்டான்! தப்பு பண்ணவன்தான் கையைத் தூக்குவான்!” என்று கத்தினீர்கள். அப்புறம் வயிற்றில் உதைத்தீர்கள். நெஞ்சில் உதைத்தீர்கள். அப்போதும் அவர் கையை இறக்கவில்லை, முகத்தை மறைக்கவில்லை. கட்டிலை விட்டுப் பின்னால் பின்னால் போனார், நீங்களும் அவரோடு போனீர்கள். விழும்போதுகூடக் கையை ஊன்றவில்லை, முழங்கையில் விழுந்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்கு வாசலில் கேட்டது.

அது சரணாகதி இல்லை. அந்தக் கையுறை எதிலும் படக்கூடாது, அவ்வளவுதான். அவள் கட்டில் பக்கத்திலிருந்து எழுந்து வந்த ஆள் நீங்கள். உங்கள் சட்டையிலும் கையிலும் அவள் ரத்தம் இருந்தது. உங்களைத் தள்ளிவிட்டால் அதிலிருக்கிற கிருமி அவர் கைக்கு வரும், அந்தக் கையிலிருந்து தையல்காரர் கழுத்துக்குள் போகும். அதனால்தான் வாங்கிக்கொண்டார். கீழே கிடந்தபடி, தையல்காரரைக் கண்ணால் காட்டி, நர்ஸிடம் முதலில் கேட்டது, “என் ரத்தம் அவர் மேல தெறிச்சுதா, பாருங்க” என்று.

இன்னொன்றும் நீங்கள் பார்த்தீர்கள். என் கையில் பைப் ரெஞ்ச் இருந்தது. ஆலையிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. காவலாளி அதைப் பார்த்துத்தான் வழி விட்டிருப்பார். “குடு மாப்பிள்ளை” என்று கையை நீட்டினீர்கள். நான் கொடுக்கவில்லை. முகத்தில் துப்பிவிட்டுப் போனீர்கள். நல்ல மனசால் கொடுக்காமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். விரல் பிரியவில்லை. அந்த நர்ஸ்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

தையல்காரர் உயிரோடு இருக்கிறார். வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்களாம். முதல் வார்த்தையாக டீ கேட்டு, சர்க்கரை கம்மி என்று சண்டையும் போட்டாராம். அவர் மகள் சொன்னாள். நாம் யார் என்று தெரியாமல்தான் சொன்னாள்.

டாக்டர் கையில் கட்டோடு திங்கட்கிழமை திரும்ப வேலைக்கு வருகிறார். எந்தப் பக்கத்து வாசல் வழியாக வெளியே போவார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குக் கோபம் வந்தால் கை போகிறது, அத்தோடு தீர்ந்துவிடுகிறது. எனக்குப் போகவில்லை. உள்ளேயே படலமாகப் பிடித்துக் கிடக்கிறது. இவ்வளவையும் தெரிந்து வைத்திருக்கிறேன், இவ்வளவையும் எழுதிவிட்டேன். அப்படியும் நேற்று உங்கள் நம்பரைத் திரையில் வைத்துக்கொண்டு, கட்டை விரலை மேலே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ரிங் போதும் என்றீர்களே.

மச்சான், நீங்களே போய் ஸ்டேஷனில் நில்லுங்கள். நான் கூட வருகிறேன். உங்கள் செருப்பையும் எடுத்து வருகிறேன். அவளை ‘வாலு, வாலு’ என்று தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த கை அது. அதை இறக்கிவிடுங்கள். என் கையை நான் நம்பவில்லை. உங்கள் கையையாவது நம்ப விடுங்கள்.

என் நம்பரிலிருந்து எந்த அழைப்பும் வராது. வந்தால் அது நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கையை உங்களிடமிருந்து வாங்கி வந்தவன்,
உங்கள் மாப்பிள்ளை

அக்கா வாசலில் நிற்கிறார். போனை அணைத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.