உன் கோலில் நான் நின்ற கோடை

ஸ்காபரோ, கனடா,
24.08.1996

அன்புள்ள அன்புராசாவுக்கு,

நீக்கிலாஸ் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். கொழும்பில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பங்குனிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமில்லை. கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று வைத்துவிடுகிறார்கள். பொலிஸ் கெடுபிடியில் நீ இடம் மாறியிருப்பாய். வேறென்ன?

முதலில் உதைபந்துச் செய்தி. எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் அணி இந்தக் கோடையில் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றுவிட்டது. சிரிக்காதே. தொடக்கத்தில் கோலுக்கு ஆர் என்று கேட்டார்கள். நான் பெரிய மனிதன் மாதிரி எழும்பி, "அன்பு வாறான், அவன்ரை இடத்துக்கு ஒருத்தரும் வேண்டாம்" என்றேன். நீ வரும்வரை நானே நிற்கிறேன் என்றும் வாயை விட்டுவிட்டேன்.

இடது பக்கம் ஓடித் திரிந்தவனைக் கோலில் விட்டால் என்ன நடக்கும்? வோபர்ன் மைதானத்தில் ஒரு ஆட்டத்தில் பந்து ஆறுதலாக உருண்டு வந்து என் கால்களுக்கு நடுவே போனது. கப்டன் கிறிஸ்துநாயகம் அண்ணை எல்லோர் முன்னாலும், "உவன் கோலுக்கை நிக்கிறானோ, பஸ்ஸுக்கு நிக்கிறானோ?" என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்!

ஆனாலும் நான் விலகவில்லை. விலகினால் வேறொருவன் வந்து நிற்பான். வேறொருவன் நின்றால் நீ வரமாட்டாய் என்று ஏனோ மனதில் விழுந்துவிட்டது. விசர் எண்ணம்தான், மச்சான். அதற்காக மற்றப் பத்துப் பேரையும் ஒரு கோடை முழுக்கத் தோற்க வைத்தேன். வேலை முடிந்து களைத்து வந்து ஓடுகிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

நாளைக்குக் கடைசி ஆட்டம். இதிலும் தோற்றால் அடுத்த வருடம் எங்கள் கல்லூரிக்கு லீக்கில் இடமில்லை. பக்கத்து ஊர் அஜக்ஸில் அலெக்ஸாண்டர் என்று ஒருவன் இருக்கிறான், எங்களுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். நல்ல கோலி. உன்னளவுக்கு இல்லை. அவனைக் கூப்பிட நானே சம்மதித்துவிட்டேன்.

உனக்கென்று தைத்த ஒன்றாம் நம்பர்ச் சட்டை உன் தங்கச்சி கஜனியிடம் இருந்தது. நேற்று அவனுக்காக அதைக் கேட்கப் போனவன், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வேறு கதையெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தாள். "கொண்டு போங்கோ அண்ணை. அண்ணா வந்தால் புதுசு தைப்பம்" என்றாள்.

வந்தால் என்றாள், அன்பு. இவ்வளவு நாளும் "அண்ணா வரேக்கை, அண்ணா வரேக்கை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை அவள் வாயில் வரவைத்தவன் நான். படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாளைக்கு வென்றால் எல்லோரும் துள்ளுவார்கள். நானும் துள்ளுவேன். அதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு.

நீ எங்கே இருந்தாலும் எங்கள் மாதாவும் உங்கள் முருகனும் உன்னைக் காக்கட்டும். கோபம் வந்தால் வரட்டும். "என்ரை சட்டையை ஆரைக் கேட்டடா குடுத்தனி?" என்று என்னைத் திட்டி ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம். கஜனிக்கு எழுது.

உன் இடத்தில் நிற்கத் தெரியாத,
நீக்கிலாஸ்