வலிக்காத கட்டி

ஸெஃப்ரு,
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின்

என் மகள் ஷாமாவுக்கு உன் அம்மா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ரிதாவும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் ஆண்டவன் தயவில் சுகம். நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் பொய் சொல்வாய். போனில் பேசலாம் என்றால் பெண்கள் காத்திருக்கிறார்கள் அம்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

ரிதாவின் சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது, கண்டதையெல்லாம் கடிக்கிறான். ஹம்மாம் குளியல்கூடத்தில் கொதிகலன் பழுதாகி எனக்கு மூன்று நாள் வேலை இல்லை, என் முழங்காலுக்கு ஓய்வு. பக்கத்து வீட்டு பத்தூல் தினமும் வந்து உன்னைப் புகழ்கிறாள். பாலைவனத்து ஊர்களுக்கெல்லாம் வண்டியில் போய்ப் பெண்களுக்கு மார்புப் பரிசோதனை செய்கிறாளே, மனானா, உன் வயிற்றில் ஒரு புண்ணியவதி பிறந்திருக்கிறாள் என்கிறாள். முன்பெல்லாம் அதைக் கேட்டு அவள் தேநீரில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுப்பேன். இப்போது கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

பெருநாளுக்கு இரண்டு நாள் வந்தாயே, அப்போது உன்னை ஹம்மாமுக்குக் கூட்டிப்போய் நானே தேய்த்துவிட்டேன். முப்பத்தோரு வருஷமாக ஊர்ப் பெண்களின் முதுகைத் தேய்க்கிற கை இது, எந்த உடம்பில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். உன் இடது அக்குளுக்குக் கீழே கொண்டைக்கடலை அளவில் ஒன்று என் விரலில் பட்டது. கேட்டேன். கையைத் தட்டிவிட்டாய். "கொழுப்புக் கட்டிம்மா, வலியே இல்ல, சும்மா விடு" என்று சொல்லி, ஒரு வாளி வெந்நீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்துவிட்டாய். நர்ஸ் சொல்கிறாளே என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

போன வாரம் பத்தூல் தன் போனில் உன் வீடியோவைக் காட்டினாள். வெள்ளை அங்கி, கழுத்தில் அட்டை, எதிரே ஐம்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், நீ வாய் கிழியப் பேசுகிறாய். "வலிக்கலையேன்னு எந்தக் கட்டியையும் விட்டுடாதீங்க, வலிக்காததைத்தான் முதல்ல காட்டணும்" என்கிறாய். பத்தூல் கை தட்டினாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், அவள் முன்னால் உன்னைத் திட்டக்கூடாது என்றுதான்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் உண்மை வந்தது. நோன்புக்கு முன்னாலிருந்தே உனக்குத் தெரியுமாம். நாலு மாதம்! "இன்னும் நானூறு பேர் இருக்காங்கம்மா, அவங்க முடியட்டும், நான் படுத்துட்டா வண்டி நின்னுடும்" என்கிறாய். நிற்கட்டும். நாலு சக்கரமும் கழன்று மணலில் கிடக்கட்டும். உன்னைப் புதைத்த மறுநாள் அந்த வண்டிக்கு வேறொரு நர்ஸைப் போட்டுவிடுவார்கள், எனக்கு வேறொரு மகளை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

அதற்கு நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "நீ மட்டும் என்ன, காய்ச்சலோட வேலைக்குப் போகலையா?" என்றாய். போனேன். உங்கள் அப்பா மௌத்தான பிறகு உங்கள் இரண்டு பேர் வயிற்றுக்காகப் போனேன், போகாவிட்டால் அன்றைக்கு வீட்டில் ரொட்டி இல்லை. உனக்கு என்ன கேடு? மெஷின் உன் வண்டிக்குள்ளேயே இருக்கிறது, டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறாள், நீ நிற்கிற இடத்திலிருந்து நாலு எட்டு. அந்த நாலு எட்டு வைக்க நேரமில்லை என்று என்னிடம் கதை விடாதே. நீ பயந்துபோயிருக்கிறாய். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு அந்த நானூறு பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாய். எனக்கும் பயம்தான் ஷாமா.

உன் வண்டி ஓட்டுகிற மௌலூத்துடன் நேற்றுப் பேசினேன். மத்தியானம் நின்றபடியே வெறும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு ஓடுகிறாயாம். பெயர் பதிகிறவனும் அவன்தானே, வருகிற செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் முதல் பெயரைப் பதியச் சொல்லிவிட்டேன்: ஷாமா, மனானாவின் மகள், வயது முப்பத்தொன்பது. பட்டியலைச் சத்தமாகப் படிப்பது நீதான் என்றான். படி, எல்லோர் காதிலும் விழும்படி படி. தாண்டிப் போய்விடலாம் என்று நினைக்காதே, நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமைப் பேருந்தில் வருகிறேன், இந்தக் கடிதத்தை நாளைய பேருந்து ஓட்டுநரிடம் முன்னதாகவே கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டாவது பெயர் என்னுடையது. "ஒரு தடவை வந்து காட்டிக்கோம்மா" என்று ஆறு வருஷமாகக் கெஞ்சுகிறாய், நேரமில்லை போடி என்று சொல்லியே உன்னை விரட்டியிருக்கிறேன். இப்போது வருகிறேன். முதல் ஆள் உள்ளே போய் வராமல் இரண்டாவது ஆள் பாயைவிட்டு எழுந்திருக்கமாட்டாள், அதையும் சொல்லிவிட்டேன்.

ஆண்டவன் உன் உடம்புக்குக் காவலாக இருக்கட்டும், உன் பிடிவாதத்தை மட்டும் அவனே எடுத்துக்கொள்ளட்டும். பேருந்து நிலையத்துக்கு நீ வராதே, மௌலூத் வருகிறான், அந்த நேரத்தில் படுத்துத் தூங்கு.

கோபம் தீராத உன் அம்மா,
மனானா