இருபதாயிரத்துக்கு ஒரு கண்

ஆடி மாதம், வியாழக்கிழமை.

பாமன்கடைப் பக்கம் புது வீடு கட்டிய பெண், என்னிடம் வரையச் சொன்ன அம்மன் படத்தைப் பார்க்க இன்று வந்தாள். கண் மட்டும்தான் மிச்சம். அதை எப்போதும் கடைசியாக, வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுத்தான் தீட்டுவேன். நாற்பதாயிரம் என்றேன். யாராவது முகம் சுளித்தாலே விலையைக் குறைத்துவிடுகிற ஆள் நான். இந்த முறையும் குறைத்தால் வாடகைக்கு வழியில்லை என்று என் மனைவி ராணி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"இருபதுக்குத் தாங்கோ அண்ணை. ஒரு படம்தானே?"

என் வாய் சும்மா இருக்குமா?

"தரலாம் தங்கச்சி. இருபதுக்கு ஒரு கண்தான் திறப்பன். பரவாயில்லையோ?"

அவள் முகம் இறுகிவிட்டது. சாமியை வைத்தா பகிடி என்று திரும்பிப் போகப்போகிறாள் என்று பயந்தேன். குசினிக்குள் ராணி சட்டியை டொங்கென்று வைத்தாள்.

அந்தப் பெண் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஐயோ, பிறகு எங்கட வீட்டுக்கு அரைவாசி அருள்தானே வரும்! ரெண்டையும் திறவுங்கோ."

முழுக்காசையும் ராணியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

"உங்கட வாய்க்கு ஒருநாள் அடிதான் விழும்" என்றாள் ராணி. ஆனால் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டிருந்தாள்.

கை நடுங்காமல் இருக்க இனித் தூங்க வேண்டும். நல்லவேளை, நான் பகிடி விட்ட நேரம் அம்மனுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.