நடுவில் பள்ளம் விழுந்த மகுடம்

ரோச்டேல்,
9 மார்ச் 1984

அன்புத் தங்கை மேவிசுக்கு,

அக்கா ஹில்டா எழுதுவது. நானும் என் மூட்டுவலியும் சுகம். ஆக்லாந்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் உன் பிள்ளை கிரஹாமும் நலமாக இருக்க வேண்டும். அம்மா படுக்கையை விட்டு எழுவதில்லை. இந்த மாதத்தைத் தாண்டுவது சந்தேகம் என்கிறார் டாக்டர்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மா எந்நேரமும் கையில் இறுக்கிவைத்திருக்கும் பட்டாளத்துத் தொப்பி பேட்ஜ் அப்பாவுடையதுதானா என்று பார்த்து, கிரஹாமுக்கு அனுப்பச் சொன்னாய். தன்னோடு அதையும் புதைக்க வேண்டும் என்று அம்மா கேட்டிருப்பதைச் சொன்னேன். "கண்ணு தெரியாதவதானே, உன் கடையிலேர்ந்து அதே மாதிரி ஒண்ணை வச்சு விட்டுடு" என்றாய். நல்ல மகள்தான் போ!

அவள் அசந்து தூங்கும்போது எடுத்துப் பார்த்தேன். சந்தையில் இத்தனை வருஷம் பழைய பேட்ஜ் விற்கிறவளுக்குப் பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. அதில் பொறித்திருக்கும் பீரங்கி சரி, எழுத்து சரி. மகுடம்தான் தப்பு. ராஜா காலத்து மகுடம் உச்சியில் மொழுமொழுவென்று உருண்டிருக்கும். ராணி காலத்து மகுடத்தில் நடுவே பள்ளம் விழும். இதில் பள்ளம் இருக்கிறது. இந்த மகுடம் பட்டாளத்துக்கு வந்ததே 1953க்கு அப்புறம்தான். அப்பா 1944லேயே பிரான்சு மண்ணுக்குள் போய்விட்டார்.

தேய்மானமும் ஒரு மாதிரி. பாலிஷ் போட்டுத் தேய்ந்தால் முகம் முழுக்க மழுங்கும். இதில் மகுடம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கட்டைவிரல் வேலை.

யாரோ போலியைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால் நீ சொன்னதையே செய்தேன். ராஜா மகுடம் வைத்த பேட்ஜ் ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். விரலால் உச்சியை ஒரு தடவு தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது உங்கப்பாவோடது மாதிரிடி. அது பொத்தான் டப்பாவுல பத்திரமா கெடக்கு. என்னோடதைக் குடு" என்றாள். கொடுத்ததும், "ஹோல்ட் வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

மிஸ்டர் ஹோல்ட்டை உனக்குத் தெரியும். அப்பாவோடு ஒரே பீரங்கியில் நின்றவர், அப்பா போன விதத்தை வந்து சொன்னவர், 1960 வரை பட்டாளத்தில் இருந்தவர். இன்றைக்கும் சனிக்கிழமை தவறாமல் தன் தோட்டத்து முட்டைக்கோசோடு வருகிறார். டீயைச் சமையலறை வாசலில் நின்றே குடித்துவிட்டுப் போகிறார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னாளா! அப்புறம் அந்த மனுஷன் இத்தனை காலம் வாசலிலேயே நின்றதை நினைத்தேன். தாங்க முடியவில்லை. போன சனிக்கிழமை உள்ளே கூப்பிட்டேன். "பூட்ஸ் முழுக்க மண்ணும்மா, நான் இங்கேயே நிக்கறேன்" என்றார். பூட்ஸ் பளபளவென்றுதான் இருந்தது.

அப்பாவுடைய பேட்ஜைப் பதிவுத் தபாலில் கிரஹாமுக்கு அனுப்பியிருக்கிறேன். அசல்தான், சந்தேகமே இல்லை. அம்மா கையில் இருப்பது அம்மாவோடு போகட்டும்.

இன்னும் ஒன்று. அம்மாவின் அடக்கத்தன்று தேவாலயத்தில் முன்வரிசை நம் இருவருக்குத்தான் என்று எழுதியிருக்கிறாய். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அவர் கடைசி வரிசைக்குத்தான் போவார். நான் கூப்பிட்டால் வர மாட்டார். அம்மாவைக் கல்யாணம் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டு அவர் வந்த அன்று, "எங்கப்பா உக்காந்த எடத்துல யாரும் உக்காரக் கூடாது" என்று அழுது அடம்பிடித்தவள் நீ. உனக்குப் பதின்மூன்று வயசு, உன்மேல் குற்றமில்லை. ஆனால் அவர் அன்றைக்கு நின்ற இடத்தைவிட்டு இன்னும் நகரவில்லை.

சீக்கிரம் புறப்பட்டு வா. வழியெல்லாம் கடவுள் துணையிருக்கட்டும். வந்து நீயே கையைப் பிடித்துக் கூப்பிடு, மேவிஸ். நீ கூப்பிட்டால் வந்து உட்காருவார்.

உன் அக்கா,
ஹில்டா