சென்றியில் உயிர் வந்த கொம்பியூட்டர்

இன்று காலை, கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஒன்றின் மூடியைத் திறந்தேன். பழைய தூசியும் ஈயமும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும், நீ பக்கத்தில் நிற்கிறாய் என்றே நினைத்துவிட்டேனடி.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எறிவதற்கு முதல் திருத்து, முடியாவிட்டால் பாகங்களைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடு, மிஞ்சுவதை மட்டும் உருக்க அனுப்பு. கூட்டத்தில் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படிக்கிற காலத்தில், கொழும்பு பாமன்கடையில் உன் அறைத் தரையில் குந்தியிருந்து, சண்டை பிடித்துக்கொண்டே நாங்கள் செய்தது அதுதானே!

கம்பஸில் கழித்த மெசின்கள் மூன்றைத் துறைத் தலைவரிடம் கெஞ்சி வாங்கினோம். ஒன்றின் திரை, இன்னொன்றின் மதர்போர்ட், மற்றதின் பவர் சப்ளை. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்குக் கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபத்தில் வகுப்பு வைக்கவேண்டும் என்பது உன் பிடிவாதம். பாதரோ, "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஓடுற கொம்பியூட்டர் ஒண்டைக் கொண்டு வாங்கோ, இல்லாட்டி மண்டபத்தைத் தையல் வகுப்புக்குக் குடுத்திடுவன்" என்று சொல்லிவிட்டார். சனி மத்தியானம்வரை அது ஒருமுறைகூட ஓடவில்லை. "கொண்டு போவம், அங்க வைச்சுத் திருத்துவம்" என்றாய்.

அதைவிடப் பெரிய மடைத்தனம், வயர்களையும் பற்றரிகளையும் பிஸ்கற் டின்னுக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் ஏறியதுதான். அதுவும் அந்த யுத்த காலத்தில், இரண்டு தமிழ்ப் பெட்டைகள்! வீதிச் சோதனைச் சென்றியில் மறித்து டின்னைத் திறந்த ஆமிக்காரர், குண்டென்று நினைத்துச் சட்டென்று பின்னால் போனார். பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீயோ கம்பஸ், பிள்ளைகள், பாதர் என்று சிங்களத்தில் பொழிந்து தள்ளினாய். "மேக்க வெட கரனவத?" கொம்பியூட்டரைக் காட்டி, இது வேலை செய்யுமா என்று கேட்டார். "ஓவ் மாத்தயா", ஓம் ஐயா என்று கூசாமல் சொன்னாய். அப்படியென்றால் ஓட்டிக் காட்டு என்றார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஃபானின் பிளக்கைக் கழற்றிவிட்டு எங்கள் பிளக்கைச் செருகினோம். திரை கறுப்பு. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். நீ சுவிச்சை நிறுத்தி மூடியைத் திறந்தாய்.

"பொறடி, ஒருக்கா அழுத்திப் பாப்பம்."

மெமரி கார்ட்டைப் பெருவிரலால் அழுத்தினாய். டிக். மறுபடி சுவிச்சைப் போட்டதும் பீப் என்றொரு சத்தம், திரை நிறையப் பச்சை எழுத்துகள்! நான் கத்தியே விட்டேன். கடைக்காரர் கைதட்டினார். ஆமிக்காரர் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு அவரே திரையைத் தூக்கி த்ரீவீலரில் வைத்தார். டின்னை மட்டும் திருப்பித் தரவில்லை.

மண்டபம் எங்களுக்குத்தான் கிடைத்தது.

களுபோவில ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோதும் தலைமாட்டு மெசினைக் காட்டி, "உந்த வயர் லூசடி" என்றாய். சிரித்துக்கொண்டே வெளியே வந்து அழுதேன். உன்னைத் திருத்த எங்களிடம் ஒரு பாகமும் இருக்கவில்லை.

இன்றைக்கு வாசலில் லொறி நிற்கிறது, கழித்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு போக. முதலாவதின் கார்ட்டைப் பெருவிரலால் அழுத்தினேன். ஓடுதடி! லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். அடிக்கட்டும். அடுத்ததின் மூடியைக் கழற்றிவிட்டேன்.